குற்றம் தகட்டிலா, கருவியிலா?



நம் மன்றத்து அறையின் மூலையில் ஓர் இரும்புப் பீரோ நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் மேல்தட்டில் பொங்கல் விழாவுக்கு வாங்கி மீந்த கோலப்பொடி இருக்கும். அடித்தட்டில் நாடகத்துக்கு வாங்கிய பொய்த்தாடிகள் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டைப் பெட்டி. அதன் உள்ளே குறுந்தகடுகளும் டிவிடித் தகடுகளும். 2004 முதல் 2013 வரை இங்குப் பயின்ற தமிழ் மாணவர்கள் தம் கையால் பதிந்து, மையால் பெயரெழுதி, நமக்கென விட்டுச் சென்ற செல்வம் அது. பட்டிமன்றங்களும் நாடகங்களும் அவற்றில் உள்ளன. கையெழுத்து இதழ்களைப் பக்கம் பக்கமாக எடுத்த படங்கள் உள்ளன. தில்லிக்குப் பிழைக்க வந்த நம்மவர் சிலரின் குரல்களும் உள்ளன. இவற்றுக்கு வேறெங்கும் படி இல்லை.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுந்து, “தகடுகளில் பல ஓடுவதில்லை. கணினியில் இட்டால் தகடே இல்லை என்கிறது. மின்கழிவு வாங்குவோரிடம் கொடுத்துவிட்டால் பீரோவில் இடமாவது மிஞ்சும்” என்றார். பலர் தலையசைத்தனர். நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் நான் கண்டதையும், அதனால் நான் கொண்ட கருத்தையும் உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தகட்டின்மீது குற்றம் சாட்டினோம். கருவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவியைக் கேட்கவும், கேட்டபின் திருத்தவும் நம்முள் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குரிய நேர்வழி கட்டளை வரி.

கருவிக்குள் ஓர் ஏடு

டிவிடி டிரைவ் என்றால் ஒரு மோட்டாரும் ஒரு விளக்கும் சேர்ந்த பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். இயற்பியல் பயில்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நாம் நினைப்பதைவிட நுட்பமானது. குறுந்தகட்டை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியும், டிவிடியை 650 நானோமீட்டர் ஒளியும் படிக்கின்றன. குறுந்தகட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர்தான். சுழலும் தகடு மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் விலகும். அத்தனை ஆட்டத்திலும் ஒளிப்புள்ளி தன் தடத்தை விடாமல் பற்றிச் செல்ல வேண்டும். குவியத்தை எவ்வளவு திருத்துவது, சுழற்சியை எப்போது குறைப்பது, பிழை மிகுந்தால் எத்தனை முறை திரும்பப் படிப்பது என்பனவற்றையெல்லாம் யார் முடிவு செய்கிறார்?

டிரைவின் உள்ளே ஒரு சிறு செயலி இருக்கிறது. அது பின்பற்றும் நெறிமுறைகள் அனைத்தும் ஒரு நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தையே ‘ஃபர்ம்வேர்’ என்பர். தமிழில் நிலைபொருள் என வழங்குகிறோம். அது மென்பொருள்போல் நாள்தோறும் மாறுவது அன்று. வன்பொருள்போல் மாற்றவே இயலாததும் அன்று. கருவிக்குள் உறங்கும் ஓர் ஏடு என்று அதனைச் சொல்லலாம். எழுதியவர் பிழை செய்திருந்தால் கருவியும் பிழை செய்யும். ஏட்டைத் திருத்தினால் கருவியும் திருந்தும்.

பதிவு செய்யும் டிரைவுகளில் இவ்வேடு இன்னும் இன்றியமையாதது. பதியத்தக்க ஒவ்வொரு டிவிடித் தகட்டிலும் அதனைச் செய்தவர் இன்னார், வகை இன்னது எனக் காட்டும் குறியீடு முன்னமே பொறிக்கப்பட்டிருக்கும். டிரைவ் அதனைப் படித்து, தன் ஏட்டிலுள்ள அட்டவணையில் தேடி, “இவ்வகைத் தகட்டுக்கு லேசரை இவ்வளவு ஆற்றலில், இவ்வாறு துடிக்கவிட வேண்டும்” என அறிந்து பதிகிறது. டிரைவ் பிறந்த பின்னர் கடைக்கு வந்த தகடு என்றால் அட்டவணையில் அதன் பெயர் இராது. அப்போது டிரைவ் பொதுவான ஒரு முறையில் பதியும், வேகம் குறையும், பதிவும் சில வேளை செம்மையாக அமையாது. இக்குறைகளை நீக்கவும், படிக்கும் திறனைக் கூட்டவும் நிறுவனங்கள் நிலைபொருளின் புதிய பதிப்புகளை அவ்வப்போது வெளியிட்டன. நாம்தான் அவற்றைத் தேடிப் போகவில்லை.

கேட்டால் சொல்லும் கருவி

நம் மன்றத்துக் கணினியில் இயங்குவது லினக்ஸ். அதில் ஒளித்தகட்டு டிரைவுக்கு ‘எஸ்ஆர்0’ என்று பெயர். கட்டளை வரியைத் திறந்து விசாரணைக் கட்டளை ஒன்றை அதற்கு விடுத்தேன். உடனே விடை வந்தது. அவ்விடை எல்லா டிரைவுகளுக்கும் ஒரே அமைப்பில் வருவது: 8 எழுத்தில் செய்தவர் பெயர், 16 எழுத்தில் மாதிரியின் பெயர், 4 எழுத்தில் நிலைபொருளின் பதிப்பு. கடைசி நான்கு எழுத்தைப் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த முதற்பதிப்பு அப்படியே இருந்தது. அதன் பின்னர் மூன்று பதிப்புகள் வெளிவந்திருந்தன. அவற்றுள் ஒன்றன் குறிப்பில், பதியப்பட்ட டிவிடித் தகடுகளைப் படிக்கும் திறன் மேம்படுத்தப்பட்டது என்று ஒரே வரியில் எழுதியிருந்தது.

எண்ணிப் பாருங்கள்! அந்த ஒரு வரியை அறியாமல் பத்தாண்டுகளின் உழைப்பைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடவிருந்தோம்.

ஆனால் ஒரு தடை. அந்த நிறுவனம் புதிய பதிப்பை விண்டோஸில் மட்டும் இயங்கும் நிரலாகவே தந்திருந்தது. வேறு இயங்குதளம் வைத்திருப்போர் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விலை கொடுத்து வாங்கியவன் எந்தக் கணினியை வைத்திருந்தாலும் வாங்கியவன்தானே? முன்கதவு மூடியிருந்தால் பக்கவாயிலைத் தேட வேண்டியதுதான்.

அத்தகைய பக்கவாயில்களை ஆர்வலர் பலர் உலகெங்கும் திறந்து வைத்திருக்கின்றனர். என்இசி, ஆப்டியார்க் டிரைவுகளுக்கென இருவர் எழுதிய ‘பின்ஃப்ளாஷ்’ என்னும் கருவி நல்லதோர் எடுத்துக்காட்டு. கட்டளை வரியிலேயே அது டிரைவுகளைத் தேடிக் காட்டும், உள்ளிருக்கும் பழைய நிலைபொருளைப் படியெடுத்துக் கோப்பாகத் தரும், புதியதை எழுதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். அந்த ஆப்டியார்க்கின் கதையையும் கேளுங்கள். சோனியும் என்இசியும் 2006இல் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் முழுவதும் சோனியின் உடைமை ஆயிற்று. 2012இல் அதனை மூடப்போவதாகச் சோனி அறிவித்தது. நிறுவனம் போயிற்று, அதன் டிரைவுகள் இன்னும் எத்தனையோ மேசைகளில் சுழன்றுகொண்டிருக்கின்றன. கடை மூடிய பின் ஏட்டைக் காத்தவர் யார்? வாங்கிப் பயன்படுத்தியவர்களே.

நான் செய்த பிழை

இனி என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் விருதுநகரிலிருந்து இங்கு வந்த புதிதில், நேரு பிளேஸ் சந்தையில் பழைய டிரைவ் ஒன்றை வாங்கினேன். கட்டளை வரி கற்ற செருக்கு. புதிய நிலைபொருளைத் தேடினேன், கிடைத்தது. மாதிரியின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருந்தது. “ஓர் எழுத்துத்தானே!” என்று எழுதிவிட்டேன். டிரைவின் விளக்கு ஒருமுறை மின்னியது. பிறகு மின்னவே இல்லை. தட்டு வெளியே வரவில்லை. விசாரணைக்கு விடையும் இல்லை. ஊரில் தமிழ் வகுப்பில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு சொல்லி ஆசிரியர் என் தலையில் குட்டியது அன்று நினைவுக்கு வந்தது. ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறும் என்பது தமிழுக்கு மட்டும் உரிய நெறி அன்று.

அன்று நான் கற்ற பாடங்களை உங்களுக்கும் சொல்கிறேன். மாதிரியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா எனப் பாருங்கள். பழைய நிலைபொருளைப் படியெடுக்க முடியுமானால் முதலில் அதனைச் செய்யுங்கள். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை, வெளியிட்டோர் தந்த தொகையோடு ஒப்பிடுங்கள். டிரைவினுள் தகடு இருக்கக் கூடாது. டிரைவை அடிக்கடி தட்டிப் பார்க்கும் வேறு நிரல்களை மூடுங்கள். யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள், இங்கே கோடையில் மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. எழுதும் அந்தச் சில நொடிகளில் எதனையும் தொடாதீர்கள். முடிந்ததும் கணினியை முற்றாக நிறுத்தி, மீண்டும் இயக்கி, பழைய கேள்வியையே கேளுங்கள். கடைசி நான்கு எழுத்து மாறியிருந்தால் வெற்றி.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று கேட்பீர்கள். நிலைபொருளை எழுதும்போது கருவி தன் மூளையைத் தானே அழித்துப் புதிதாக எழுதிக்கொள்கிறது. பாதியில் நின்றால் பழையதும் இராது, புதியதும் இராது. மீட்கும் வழி சில டிரைவுகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

ஏன் கட்டளை வரி?

“பொத்தானை அமுக்கினால் முடியும் வேலைக்கு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டுமா?” என்று என் அறைத்தோழர் கேட்டார். நல்ல கேள்வி. பொத்தான் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை, “ஆகட்டுமா?” என்று மட்டும் கேட்கும். நாமும் படிக்காமலே “ஆகட்டும்” என்போம். கட்டளை வரியோ எந்தக் கருவி, எந்தக் கோப்பு, எந்தச் செயல் என மூன்றையும் நம் வாயாலேயே சொல்லச் செய்கிறது. சொல்லத் தெரியாதவன் அதனை ஏவவே முடியாது. அதன் கடுமையே அதன் நன்மை.

வன்தட்டுகளுக்கான ‘எச்டிபார்ம்’ என்னும் லினக்ஸ் கருவியில் இதற்கு அழகிய சான்று உண்டு. அதன் வழியே வன்தட்டின் நிலைபொருளை மாற்ற வேண்டுமானால், கட்டளையோடு இரண்டு தொடர்களையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்று, “ஆம், நான் செய்வது இன்னதென்று அறிவேன்” என்று பொருள்படும். மற்றொன்று, “அருள்கூர்ந்து என் வன்தட்டை அழித்துவிடுக” என்று பொருள்படும். படித்தவுடன் சிரிப்பு வரும். அடுத்த நொடி விரல் தயங்கும். அந்தத் தயக்கத்தை உண்டாக்கத்தானே அவ்வாறு எழுதினார்கள்! பொறுப்பை ஏற்றுக்கொள்ளாதவனுக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் நெறி. அரசியலிலும் இந்நெறி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

“கட்டளை வரிதான் கருவிகளைக் கொல்கிறது, அதனால்தான் அஞ்சுகிறோம்” என்பாரும் உளர். அவர்களுக்கு 2003இல் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். அவ்வாண்டு வெளிவந்த மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2ஐ நிறுவியோரில் சிலர்க்கு, எல்ஜி நிறுவனத்தின் சில சிடி-ராம் டிரைவுகள் செயலிழந்தன. அவர்கள் கட்டளை எதனையும் தட்டச்சு செய்யவில்லை. நிறுவும் நிரலே, இடைக்கால நினைவகத்தைக் காலி செய்க என்னும் பொதுக் கட்டளையை டிரைவுக்கு அனுப்பியது. பதியாத டிரைவுக்கு அக்கட்டளை தேவையற்றது. தெரியாது என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த டிரைவுகளோ அக்கட்டளைக்குத் தமக்குள் வேறு பொருள் வைத்திருந்தன: “புதிய நிலைபொருள் வருகிறது, ஏற்றுக்கொள்க!” வந்ததோ ஒன்றுமில்லை. டிரைவுகள் மாண்டன.

இதில் பிழை யாருடையது? கட்டளையை ஏவியவர் உலகறிந்த பொருளில் ஏவினார். கருவியைச் செய்தவர் உலகறியாத பொருளை உள்ளே மறைத்து வைத்திருந்தார். பலர்க்கும் பொதுவான சொல்லுக்கு ஒருவர் மட்டும் அறிந்த பொருளைக் கொடுத்தால் விளைவு இதுதான். நிலைபொருளின் வழிகள் வெளிப்படையாக இருக்க வேண்டும், அதனை மாற்றும் முறை எல்லா இயங்குதளத்தார்க்கும் கிடைக்க வேண்டும் என நான் சொல்வது இதனாலேயே.

உடைமை என்பதன் பொருளையும் இங்கே எண்ண வேண்டும். டிவிடி டிரைவின் வட்டாரக் குறியீட்டை நாம் ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். இந்தியா 5ஆம் வட்டாரத்தில் அடங்கும். ஐந்து முறை முடிந்ததும் டிரைவ் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த எண்ணிக்கையைக் காத்து நிற்பதும் டிரைவின் உள்ளே உள்ள நெறிமுறைதான். என் பணத்தில் வாங்கிய கருவி, என் மேசைமேல் இருந்துகொண்டு, பிறர் இட்ட ஆணையின்படி என்னை எண்ணிக்கொண்டிருக்கிறது! ஏடு யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பெட்டியை மட்டும் வைத்திருப்பவர் காவலாளர்.

தகடுகள் பேசின

“ஒளித்தகட்டின் காலமே முடிந்துவிட்டதே! இனி எதற்கு இந்தப் பாடு?” என்பதும் ஒரு கேள்வி. காலம் முடிகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. பதியத்தக்க புளூ-ரே தகடுகள் செய்வதைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. புதிய மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. ஆனால் காலம் முடிகிறது என்பதே விரைந்து செயற்படக் காரணம் அன்றோ? இருக்கும் டிரைவுகள் இருக்கும் வரைக்குத்தான் நமக்குத் தவணை. தகட்டின் சாய அடுக்கும் ஆண்டுதோறும் மங்குகிறது.

அந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. மன்றத்து டிரைவின் பழைய நிலைபொருளைப் படியெடுத்தேன். ஆர்வலர் எழுதிய கருவி ஒன்றைக் கொண்டு, ஞாயிறு காலை யூ.பி.எஸ். துணையோடு புதியதை எழுதினேன். எழுதி முடியும் வரை என் கை நடுங்கியதை மறைக்க விரும்பவில்லை. கணினியை மீண்டும் இயக்கிக் கேட்டேன். கடைசி நான்கு எழுத்து மாறியிருந்தது.

ஓடாதவை என ஒதுக்கியிருந்த பன்னிரண்டு தகடுகளை ஒவ்வொன்றாக இட்டேன். ஏழு திறந்தன. எஞ்சிய ஐந்தில் மூன்று, குனூ டிடிரெஸ்க்யூ என்னும் மீட்புக் கட்டளை இரவு முழுவதும் உழைத்த பின் பெரும்பகுதியைத் தந்தன. அக்கட்டளை நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, எடுக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்து, பிறகு அவற்றை மீண்டும் மீண்டும் முயலும். இரண்டு தகடுகள் கடைசி வரை வாய் திறக்கவில்லை. நிலைபொருள் மாயமருந்து அன்று. அழுக்கேறிய வில்லையையோ அழிந்த தகட்டையோ அது குணப்படுத்தாது. ஆயினும் பன்னிரண்டில் பத்து பேசின. எடைக்குப் போயிருந்தால் ஒன்றும் பேசியிராது.

திறந்த ஏழில் ஒன்று 2007ஆம் ஆண்டுப் பதிவு. விடுதிச் சமையற்கூடத்தில் நெடுநாள் பணிபுரிந்த சேலத்துப் பெரியவர் ஒருவரை நம் மூத்த மாணவர்கள் பேட்டி கண்டிருக்கின்றனர். “தில்லிக்கு வந்து முதலில் என்ன கற்றுக்கொண்டீர்கள் ஐயா? இந்தியா?” என்று ஒருவர் கேட்கிறார். “இந்தி அப்புறந்தான் தம்பி. மொதல்ல சப்பாத்தி தேய்க்கக் கத்துக்கிட்டேன். எங்கம்மா பாத்திருந்தா சிரிச்சிருக்கும்” என்கிறார் அவர். அவர் இன்று நம்மிடையே இல்லை. அக்குரலைக் கேட்டபோது, மின்கழிவுக்குக் கொடுக்கலாம் என்று சொன்ன அதே நண்பர் என் அருகில்தான் இருந்தார். “இன்னொரு முறை போடுங்கள்” என்று மட்டும் சொன்னார்.

நாம் செய்ய வேண்டுவன

அடுத்த செயற்குழுவுக்கு நான் மூன்று தீர்மானங்களை முன்மொழிய இருக்கிறேன். முதலாவது: மன்றத்துக் கருவிகளுக்கென ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு கருவியின் மாதிரி, நிலைபொருளின் பதிப்பு, மாற்றிய நாள், மாற்றியவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நிலைபொருளின் கோப்பும் பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டாவது: எல்லாத் தகடுகளையும் இவ்வாண்டுக்குள் படியெடுத்து, வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகள் வைக்க வேண்டும். மூன்றாவது: சனிக்கிழமை மாலைகளில் கட்டளை வரி வகுப்பு; தமிழிலேயே நடத்த வேண்டும்.

தமிழில் எதற்கு என்பார்க்கு ஒரு சொல். நான் பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழில் படித்தவன். இங்கு வந்து முதன்முதலில் அந்தக் கரிய திரையைக் கண்டபோது அஞ்சினேன். அதற்குக் ‘கட்டளை வரி’ என்று பெயர் எனத் தமிழில் ஓரிடத்தில் படித்த அன்று அச்சம் நீங்கியது. கட்டளை இடுபவன் நான், கேட்பது கருவி. அவ்வளவுதானே! இலக்கியம் பயிலும் நண்பர்களும் வரலாறு பயிலும் நண்பர்களும் இது அறிவியல் மாணவர் வேலை என ஒதுங்க வேண்டா. ஓலைச்சுவடி படிக்கக் கற்றவர்க்கு இது ஒரு பெரிய காரியம் அன்று. எழுத்தெழுத்தாகப் பார்க்கும் பொறுமை உங்களிடம் எங்களைவிட மிகுதியாகவே இருக்கும்.

நண்பர்களே! ஒரு பொருள் பேசவில்லை என்றால் அதனை ஊமை என்று தீர்ப்பளிக்குமுன், நாம் சரியாகக் கேட்டோமா என்று ஒருமுறை எண்ணுவோம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மன்றத்து அறையில் நான் இருப்பேன். உங்கள் வீட்டில் ஓடாத தகடு ஏதும் இருந்தால் எடுத்து வாருங்கள். முதலில் கருவியைக் கேட்போம்.